செயலாளரின் ஆண்டறிக்கை: ராஸ் பயணமும் கட்டட நிதியும்

தமிழ்ச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலும் தீபாவளியும் வழக்கம்போல் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தள அரங்கில் நடந்தன. பொங்கலன்று பனிப்புயல், பாதிப் பேர் வரவில்லை. மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலைத் தேவாலயத்துப் பெரியவர்கள் வாங்கிப் போனார்கள். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

விரிவாகச் சொல்ல வேண்டியது, நம் வட டகோட்டாவின் மவுன்ட்ரெயில் கவுண்டியிலுள்ள ராஸ் ஊருக்குக் கோடையில் போய்வந்தது. அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டிய மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று 1929-இல் அங்கே எழுந்தது. கட்டியவர்கள் இன்றைய லெபனான், சிரியா பக்கமிருந்து 1900-ஐ ஒட்டி வந்த விவசாயிகள். குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் தரும் 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தில் அப்போது 160 ஏக்கர் கிடைத்தது. ஐந்தாண்டு குடியிருந்து பயிர்செய்தால் சொந்தமானது. அக்கம்பக்கத்தில் நார்வேயிலிருந்து வந்த லூத்தரன்கள். பள்ளிவாசல் வரும்வரை வீடுகளில்தான் தொழுகை. கட்டியதுகூடப் பாதி மண்ணுக்குள் அமைந்த சின்னக் கட்டடம்தான். இந்த ஊர் குளிருக்கு அது புத்திசாலித்தனம் என்பேன்.

அப்புறம் 1930-களின் வறட்சி வந்தது. பிள்ளைகள் வெளியூர் போனார்கள். இருந்தவர்களில் சிலர் கிறிஸ்தவக் குடும்பங்களில் மணம் முடித்தார்கள். தொழ ஆளில்லாமல் கிடந்த கட்டடத்தை 1970-களின் இறுதியில் இடித்துவிட்டார்கள். அடக்கத்தலம் மட்டும் நின்றது. 2005-இல் வாரிசுகள் அங்கேயே சிறிய பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார்கள். நம் முஸ்லிம் உறுப்பினர்கள் அங்கே துஆ செய்தார்கள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.

திரும்பும் வழியில் நியூ டவுன். 1953-இல் மிசூரி ஆற்றின் குறுக்கே காரிசன் அணை மூடப்பட்டு, நீர் தேங்கி ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கியபோது மாண்டன், ஹிடாட்சா, அரிகாரா ஆகிய பூர்வகுடி மக்கள் பலர் மேட்டுக்கு வந்து குடியேறிய ஊர். குடியேற்றம் என்று பேசினால் இதையும் பேசத்தான் வேண்டும். அடுத்த ஆண்டு இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கலாம்.

சரி, கட்டட நிதி. கோயிலா, பொது மண்டபமா என்று செயற்குழுவில் காரசாரமாகப் பேச்சு நடந்தது. என்னைக் கேட்டால் இரண்டும் இப்போது வேண்டாம். நம்மில் பலர் எண்ணெய் வயல் வேலையை நம்பி வந்தவர்கள். அந்த வேலை போனால் ஊரும் மாறும். கீழ்த்தள வாடகை நமக்குக் கட்டுப்படியாகிறது. நிதியை வங்கியிலேயே விட்டு, வட்டியைத் தமிழ் வகுப்புப் புத்தகங்களுக்குச் செலவிடலாம் என முன்மொழிகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் பேசலாம்.

இவண்,
செயலாளர்