கபாலா சின்னங்கள் பற்றித் தமிழில் ஒரு நூல்: நன்கொடை வேண்டுகோள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கபாலா என்றதும் நம்மில் பலருக்கு மணிக்கட்டில் கட்டும் சிவப்புக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது. யூத ஞானிகள் பல நூற்றாண்டுகளாக வளர்த்த ஆன்மிக மரபு இப்படிச் சுருங்கிவிட்டதே என்ற ஆதங்கத்தில்தான் எங்கள் வாசிப்புக் குழு இந்த நூலில் இறங்கியது. எழுத்துவேலை முடிந்துவிட்டது. அச்சுக்குத்தான் பணம் வேண்டும்.

நூலின் பெரும்பகுதி, இன்றைய இஸ்ரேலின் வடக்கே உள்ள கலிலேய மலையூரான சஃபேத்தைப் பற்றியது. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களில் பலரும் அவர்கள் வழிவந்தவர்களும் குடியேறிய ஊர் அது. 1570இல் எகிப்திலிருந்து அங்கே வந்த கபாலா ஞானி ஐசக் லூரியா, 1572இல் தம் 38ஆம் வயதில் காலமானார். அவர் எழுதிவைத்தது மிகக் குறைவு. ஹயிம் விட்டல் என்ற சீடர் எழுதியதால்தான் அவர் போதனை நமக்குக் கிடைத்தது.

அந்தப் போதனை இதுதான்: படைப்புக்கு இடம்விட இறைவன் தன் எல்லையற்ற ஒளியைச் சுருக்கிக்கொண்டார். பிறகு அந்த ஒளி பத்துக் கலங்களில் பாய்ந்தது. மேலிருந்த மூன்றும் தாங்கின, கீழிருந்தவை உடைந்தன. ஒளிப்பொறிகள் உடைந்த ஓடுகளோடு விழுந்து உலகப் பொருள்களுக்குள் சிக்கிக்கொண்டன. உண்ணும் முன் சொல்லும் துதிமொழிகூட, மனம் ஒன்றிச் சொன்னால், ஒரு பொறியை மீட்டு மேலே அனுப்பும் என்றார் லூரியா. உலகம் பழுதுபட்டிருக்கிறது, அதைச் சரிசெய்வதில் எளிய மனிதருக்கும் பங்குண்டு! வீடிழந்து வந்தவர்கள் நிறைந்த ஊரில் இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்புறம், செஃபிரோத் எனப்படும் பத்து இறைத்தன்மைகளை மரமாக வரைந்து காட்டும் படங்கள். வலப்பக்கம் கருணை, இடப்பக்கம் கண்டிப்பு, இரண்டையும் இணைக்கும் அழகு நடுவில். கருணையோடு சேராத கண்டிப்பிலிருந்தே தீமை பிறக்கிறது என்பது கபாலா ஞானிகளின் எண்ணம். கருணைக்கு வெள்ளை, கண்டிப்புக்குச் சிவப்பு என நிறங்களுக்கும் பொருள் இருப்பதால் இந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட எங்களுக்கு மனம் வரவில்லை. செலவு கூடியதும் இதனால்தான்.

500 பிரதிகளுக்கு 1,60,000 ரூபாய் ஆகும். உறுப்பினர்கள் போட்டது 70,000. மீதி 90,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். நூறு ரூபாயானாலும் மகிழ்ச்சியாகப் பெற்றுக்கொள்வோம். 150 பிரதிகள் பொது நூலகங்களுக்கும் கல்லூரி நூலகங்களுக்கும் இலவசமாகப் போகும். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை நூல் வெளிவந்ததும் எல்லோருக்கும் அனுப்பிவைப்போம்.

ஹீப்ரு வாசிக்கத் தெரிந்தவர்கள் பணத்துக்குப் பதிலாக நேரம் தந்தாலும் சரி. படங்களில் உள்ள எழுத்துகளை அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
நூல் வெளியீட்டுக் குழு