நாகர் அல்ல, நாக்கர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சொல் பக்கத்தில் ஸ்பானிய மொழியின் 'நாக்கர்' பற்றிப் படித்தேன். அச்சில் 'நாகர்' என்று வந்துவிட்டது. நாகாலாந்துச் செய்தியாக்கும் என்று பக்கத்தைத் தள்ளப் போனேன். 'க்'கை அழுத்த வேண்டும் ஐயா.

பொருளிலும் ஒரு பிசகு. நாக்கர் என்றால் முத்துச்சிப்பி என்கிறார் கட்டுரையாளர். சிப்பியின் உட்புறத்தில் வானவில்லாக மினுங்கும் படலம்தான் நாக்கர். முத்துச்சிப்பிக்கு அங்கே 'மாத்ரேபெர்லா' என்று பெயர். அதாவது முத்தின் தாய். ஆங்கிலத்திலும் 'மதர் ஆஃப் பேர்ல்' என்று அதே தாய் உண்டு. ஆனால் அங்கே அவள் குறிப்பது படலத்தை, ஸ்பானியத்தில் சிப்பியையே. ஆங்கில வழியாகப் போனதில் குழம்பியிருப்பார். அவருக்கு ஆதரவாகவும் ஒரு விஷயம் சொல்லலாம்: மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் 'கோன்ச்சா நாக்கர்' என்றே ஒரு சிப்பி உண்டு.

இதில் நானும் அடிபட்டவன்தான். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஒரு ஸ்பெயின் ஆர்டரில் பட்டனுக்கு எதிரே 'நாக்கராதோ' என்றிருந்தது. நாக்கர்தானே என்று அசல் சிப்பி பட்டனுக்கு ரேட் போட்டு அனுப்பினேன். அந்த ரேட்டைப் பார்த்தவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். 'நாக்கராதோ' என்றால் சிப்பிபோல் மினுங்குவது. அவர்கள் கேட்டது சாதா பாலியெஸ்டர் பட்டன். அசல் வேண்டுமென்றால் 'தே நாக்கர்' என்று எழுதுவார்களாம். இப்போதெல்லாம் சாம்பிள் வந்தால் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சிப்பி ஜில்லென்றிருக்கும். பல பட்டன்களில் பின்பக்கம் ஓட்டின் பழுப்பும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

சொல்லின் பிறப்பைக் கட்டுரை தொடவே இல்லை. அரபியில் 'நக்காரா' என்றால் முரசு. அதிலிருந்து வந்ததாகவே பலரும் சொல்கிறார்கள். நம்மூர் நகராவும் அதே வழியில் வந்ததுதான். இத்தாலியில் 'நாக்கெரே' என்றால் இன்றும் கையில் தட்டும் தாளக்கட்டை.

பயன்கள் என்று பொத்தான், விசிறிக்காம்பு, கிதார் அலங்காரம் எல்லாம் எழுதியவர் 'என்கொன்ச்சாதோ'வை விட்டது எனக்குக் குறைதான். மெக்சிகோ ஸ்பெயினின் கீழ் இருந்த காலத்து ஓவிய முறை அது. பலகையில் சிப்பித் துண்டுகளைப் பதித்து, மேலே மெல்லிய வண்ணம் பூசுவார்கள். கவசமும் ஆடையும் அடியிலிருந்து ஒளிரும். மிகேல், ஹுவான் கோன்சாலஸ் இருவரும் 1698-இல் மெக்சிகோ பிடிபட்ட கதையை இப்படி 24 பலகைகளில் தீட்டினார்கள். மாட்ரிட்டின் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றையாவது அடுத்த இதழில் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்