எத்தனையாம் நம்பர் என்று முதலில் பார்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேணும், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரும் புதிதாகப் போட வேணும் என்று அங்கே கராஜில் சொன்னார்களாம். பொறு பிள்ளை. ஒரு நட்டையும் கழற்ற விடாதே. மழை பெய்த காலையில் வாகனம் குலுங்குது, இழுவை இல்லை, சைலன்சரில் பட் பட் என்று அடிக்குது. அரை மணித்தியாலம் ஓடிக் காய்ந்த பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடுது. இதைத்தானே சொன்னாய்? மழையில் வந்து வெயிலில் போகிற வருத்தம் பெரும்பாலும் வால்வில் இருக்காது, பிஸ்டனில் இருக்காது. கரண்ட் போகிற வழியில் எங்கேயோ ஈரம் ஏறுது.

இது எனக்குப் பட்ட பாடு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம், வாகனத்தைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோக வேணும். ஒரு மார்கழி மழையில் பாதையை விட்டு மேலே ஏறும்போது இதே ஹைலக்ஸ் பிக்கப், இதே குலுக்கல். நெல் மூட்டை ஏற்றியிருந்தேன். காபரேட்டர்தான் பிழை என்று ஒரு இடத்தில் சொன்னதை நம்பிப் புதிதாகப் போட்டேன். அந்த மாதம் வீட்டுக்குக் கொடுக்கக் காசில்லை. அடுத்த மழைக்குத் திரும்பவும் அதே குலுக்கல். கடைசியில் கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் காக்காதான் (அண்ணன்தான்), "பகல்ல பாத்தா இது தெரியாது தம்பி, ராவுல பாருங்க" என்றார். இருட்டில் பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டோம். நாலு சிலிண்டருக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடி மேலே நீல நிறத்தில் பொறி புழு மாதிரி ஊர்ந்தது. சிலிண்டருக்குள் பொறி போடுகிற பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் மூடியின் வெடிப்பு வழியே ஓடிக்கொண்டிருந்தது. மூடியை மாற்றினோம், சரியாகிவிட்டது.

ஆனபடியால் நீயும் முதலில் அதைச் செய். இரவில், லைட் எல்லாம் அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது பார். ஒன்றும் தெரியாவிட்டால் பூக்கன்றுக்குத் தண்ணீர் விசிறுகிற போத்தலால் வயர்களுக்கும் மூடிக்கும் மேலே மெல்லிய தூறலாக அடித்துப் பார். கையால் எதையும் தொடாதே, அந்த அடி பொல்லாதது. தலைமயிரைக் கட்டிக்கொள், சால்வை வேண்டாம், முன்னால் ஃபேன் சுற்றும்.

அடுத்தது, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. இதை எஞ்சின் குலுங்கி மிஸ் அடிக்கிற நேரத்தில்தான் செய்ய வேணும். காய்ந்த பிறகு செய்தால் நாலும் நல்ல பிள்ளைகளாக நிற்கும். இது 22ஆர் எஞ்சின். முன்பக்கம் பெல்ட் ஓடுகிற இடத்தில் இருப்பது 1, பின்னுக்குப் போகப் போக 2, 3, 4. நெருப்புப் பிடிக்கிற ஒழுங்கு 1-3-4-2. வயரைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி ஒட்டு. மாறிக் கொளுவினால் இல்லாத வருத்தமும் வரும்.

எஞ்சினை நிறுத்து. 1ஆம் வயரைக் கழற்றி, நான் அனுப்புகிற பழைய பிளக்கில் கொளுவி, அந்தப் பிளக்கின் இரும்பு எஞ்சின் இரும்பில் இறுகத் தொடும்படி கம்பியால் கட்டு. பிறகு ஸ்டார்ட் பண்ணு. முன்னையைவிடக் கூடத் தள்ளாடினால் 1 நல்லது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் பிழை அதில்தான். இப்படியே நாலையும் பார். சிலர் ஓடுகிற எஞ்சினில் வயரைச் சும்மா பிடுங்கிப் பார்ப்பார்கள். நீ செய்யாதே, பொறிக்குக் கரண்டை வெட்டிவிடுகிற இக்னைட்டர் போய்விடும்.

உதாரணத்துக்கு 3 என்று வை. 3இன் பிளக்கை 2இல் போடு, 2இன் பிளக்கை 3இல் போடு. பிழை 2க்குப் போனால் பிளக். போகாவிட்டால் வயரைப் பார். மல்டிமீட்டரில் 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் அது வேண்டாம். அதுவும் நல்லதென்றால் டிஸ்ரிபியூட்டர் மூடியையும் அதற்குள்ளே சுற்றுகிற றோட்டரையும் பார். மூடியின் உள்பக்கம் பென்சிலால் கீறின மாதிரி கறுப்புக் கோடு இருக்கிறதா பார். எங்கள் உப்புவெளிக் காற்றில் இத்தனை வருஷம் கிடந்த வாகனம், உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். சுரண்டிப் போட்டால் கொஞ்ச நாள்தான் ஓடும், புதிது வாங்கு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்று. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் வாகனம் ஓடும், எது பிழை என்று உனக்குத் தெரியாமலே போய்விடும்.

கழற்றிய பிளக்கை வீசிவிடாதே, நுனியைப் பார். இளம் மண்ணிறம் நல்லது. கரி மாதிரி உலர்ந்த கறுப்பென்றால் பெற்றோல் கூடப் போகுது. பெற்றோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. எண்ணெய் பிசுபிசுத்தால் எனக்குச் சொல்லு, அது வேறு கதை. பிளக் நுனியின் இடைவெளி 0.8 மில்லிமீற்றர். ஹெட் அலுமினியம், சூட்டோடு பிளக் கழற்றினால் புரி போகும். ஆறவிட்டுக் கழற்று, திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே சுற்று.

பொறி நன்றாக இருந்தும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் மட்டும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுங்குகிற அழுத்தம், பார்க்கச் சொல்லு. ஒன்று குறைந்தால், அந்த ஓட்டைக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளக்க வேணும். அளவு கூடினால் பிழை பிஸ்டன் ரிங்கில், கூடாவிட்டால் வால்வில். அதற்கும் உடனே ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை, வால்வு இடைவெளியைப் பார்க்கட்டும்: சூட்டில் உள்வால்வு 0.20, வெளிவால்வு 0.30 மில்லிமீற்றர். பெற்றோல் ஃபில்டரை எப்படியும் மாற்று. 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கி வெறுமையாகக் கிடந்தது, உள்ளே துரு இருக்கும்.

உன் தம்பியைப் பக்கத்தில் வைத்து இதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். உன்னை "சட்டை ஊத்தையாகும், உள்ளே போ" என்று அனுப்பினேன். அவன் இன்று வாகனத்தையே தொடுவதில்லை. நீதான் அதில் நாற்று ஏற்றிச் சீவிக்கிறாய். அது என் பிழை, மகள். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். தாளைப் பொனற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

சரியாகும்வரை இங்கே வர வெளிக்கிடாதே. ஹொரவப்பொத்தானைப் பக்கம் பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வரும். அந்த இடத்தில் இது நின்றால் நான் இங்கிருந்து என்ன செய்ய?

பிளக் ஸ்பானர், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ், பழைய பிளக் ஒன்று, எல்லாம் ஒரு சீலைப் பையில் கட்டி நாளைக் காலை வவுனியா பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். நாளையிண்டைக்கு விடிய, எஞ்சின் குளிராக இருக்கும்போதே பார். பார்த்து முடித்ததும் எத்தனையாம் நம்பர் என்று எனக்குச் சொல்லு. போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அப்பா