வக்கீலாகப் போகிறவரை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

நாட்டின் கல்லூரிகளை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் மத்திய அரசின் பட்டியலான, என்ஐஆர்எஃப் என்று எல்லாரும் சொல்லும் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் குமாஸ்தாவின் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சட்டம் படிக்க ஆசை. ரிசல்ட் வந்த கையோடு ஒரு சாயங்காலம் சேம்பருக்கு வந்து, போனில் உங்கள் பட்டியலைக் காட்டினாள். "சார், நம்ம கவர்மெண்ட் காலேஜ் இதுல இல்லையே. அப்ப அது நல்லா இருக்காதா?" கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா, கையில் நாடாவோடு என் முகத்தைப் பார்த்தார். நானும் அரசு சட்டக் கல்லூரியில் படித்தவன்தான். இருபத்திரண்டு வருடமாக சிவில் கோர்ட்டில் பிழைப்பு ஓடுகிறது. ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு உங்கள் மதிப்பெண் முறையை உட்கார்ந்து படித்தேன்.

சட்டத்துக்குத் தனிப்பட்டியல் 2018இல் தொடங்கியது. இன்றுவரை முதலிடம் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளிக்குத்தான். 2025 பட்டியலில் 40 கல்லூரிகள். நாட்டில் இருப்பவையோ ஆயிரத்துக்கும் மேல். கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 சதவீதம், ஆய்வுக்கும் தொழில்முறைப் பணிக்கும் 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, பலதரப்பட்டவர்களையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, வெளியுலகில் உள்ள பெயருக்கு 10. மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு இடித்தது அந்த 20 சதவீதம். கல்லூரிகள் உங்களுக்குக் கொடுத்த விவரத் தாள்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள். சரி. பார் கவுன்சிலில் பதிவு செய்து, கறுப்பு கோட்டு மாட்டி, ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்கிற பையன் இதில் எந்தக் கட்டத்தில் வருகிறான்? அவனுக்குச் சம்பளம் கிடையாது. மாதக் கடைசியில் சீனியருக்கு மனசு வந்தால் ஏதோ ஒரு தொகை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று சொல்லும் நிலையில்தான் எங்கள் தொழில் இருக்கிறது. (என்னிடம் இருக்கும் ஜூனியரும் இதைப் படிப்பார். பாக்கி எதுவும் இல்லை என்று இங்கேயே பதிவு செய்கிறேன்.)

ஆக, கார்ப்பரேட் லா ஃபர்முக்குப் பத்துப் பேரை அனுப்பும் கல்லூரிக்கு மதிப்பெண் ஏறும். முன்சீப் கோர்ட்டுக்கு நூறு பேரை அனுப்பும் கல்லூரி, அந்த நூறு பேரையும் வேலை கிடைத்தவர்களாகக் காட்டினால் நடுச் சம்பளம் இறங்கும். காட்டாமல் விட்டால் வேலை கிடைத்தோர் எண்ணிக்கை இறங்கும். மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நோயாளியைப் பார்க்கப் போனதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பீர்களா?

இந்த வயிற்றெரிச்சல் நமக்கு மட்டும் உள்ளதில்லை. அமெரிக்காவில் யுஎஸ் நியூஸ் பத்திரிகையின் பட்டியலில் ஆண்டுதோறும் முதலிடத்தில் இருந்த யேல் சட்டக் கல்லூரி, 2022 நவம்பரில் இனித் தகவல் தரமாட்டோம் என்று விலகியது. அதே நாளில் ஹார்வர்டும் விலகியது. யேல் சொன்ன காரணங்களில் ஒன்று, கல்லூரியே உதவித்தொகை கொடுத்துப் பொதுநலப் பணிக்கு அனுப்பும் பட்டதாரிகளை, வேலை இல்லாதவர்கள் மாதிரி அந்தப் பட்டியல் கணக்கிடுகிறது என்பது. முதலிடத்தில் இருப்பவனே சொன்னதால் காதில் விழுந்தது. அடுத்த ஆண்டே அந்தப் பத்திரிகை முறையை மாற்றியது. நாற்பதுக்கு வெளியே இருப்பவன் சொன்னால் "சீ, இந்தப் பழம் புளிக்கும்" கதையாகிவிடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆய்வுக்கான மதிப்பெண்ணைப் பற்றி ரொம்பச் சொல்ல விரும்பவில்லை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இரண்டு சர்வதேச ஆய்வுக் கட்டுரைத் தொகுப்புகளிலும் ஏறிய கட்டுரைகளை எண்ணுகிறீர்கள். கோர்ட்டில் நாங்கள் புரட்டுவது தீர்ப்புகளை வெளியிடும், 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் போன்றவற்றை. சட்டப் பிரிவின் முதல் பட்டியலிலேயே ஐஐடி கரக்பூருக்கு நான்காம் இடம் கிடைத்தது. இன்ஜினியரிங், அறிவியல் பட்டம் பெற்றவர்களை எடுத்து அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. நல்ல இடம்தான். ஆனால் பிளஸ் டூ முடித்த பிள்ளையை எடுத்து, ஐந்து வருடத்தில் பிராது எழுதப் பழக்கும் கல்லூரியையும் அதையும் ஒரே தராசில் வைத்தால் முள் எதைக் காட்டும்? திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக மதிப்பெண்ணைக் குறைக்க 2025இல் ஆரம்பித்தீர்கள், அதற்கு நன்றி.

இப்போது முக்கியமான விஷயம். விவரங்களைத் தருவது கல்லூரிகள்தான். அதை யார் சரிபார்க்கிறார்கள் என்ற கேள்வியோடு ஒரு பொதுநல வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2025 மார்ச்சில் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடையும் கிடைத்தது. அப்புறம் தடை விலகி, செப்டம்பர் 4 அன்று பட்டியல் வெளியானது. வழக்குக்குள் நான் போகவில்லை. என் தரப்புச் சான்றாவணம் ஒன்றை மட்டும் தாக்கல் செய்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் சிவில் நடைமுறைச் சட்டம் எடுத்தேன். கௌரவ விரிவுரையாளர். மணிக்கு இவ்வளவு என்று கவரில் போட்டுக் கொடுப்பார்கள், கூடவே ஒரு காபி. ஒரு வருடம் போனேன், பிறகு முடியவில்லை. குமாஸ்தா மகளுக்காக விவரத் தாள்களைப் புரட்டிய அந்த இரவில் இந்தக் கல்லூரியின் தாளும் கண்ணில் பட்டது. ஆசிரியர் பட்டியலில் என் பெயர். வயது, பதவி, படிப்பு, பணியில் சேர்ந்த தேதி எல்லாம் இருக்கிறது. "தற்போது பணியில் உள்ளாரா" என்ற இடத்தில் ஆம். பணி வகை என்ற இடத்தில் நிரந்தரம். அனுபவத்தை மாதக் கணக்கில் கேட்பீர்கள் போல. நான் கோர்ட்டில் நின்ற காலம் முழுவதையும் மாதமாக்கிப் போட்டிருந்தார்கள்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 1979ஆம் ஆண்டு விதிப்படி, தொழில் செய்யும் வக்கீல் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சட்டம் கற்பிக்கக் கூடாது. நான் முழுநேர ஆசிரியர் என்று அரசுத் தளத்தில் ஏறிய அந்தத் தாளை எடுத்து நாளை யாராவது பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால், விளக்கம் எழுத வேண்டியவன் நான். ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கில் மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைக் கூட்டிக் காட்டியது 2011இல் வெளிவந்தது. அமெரிக்க வழக்குரைஞர் சங்கம் 2012இல் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஆசிரியர் பட்டியலை அந்தந்த மாநில பார் கவுன்சில் பதிவேட்டோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு அது அரை நாள் வேலை. தொழிலுக்குப் போனவர்களுக்கென்று தனிக் கட்டம் ஒன்று போடுங்கள். வக்கீலாகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் முதல் தடவையே தேறினார்கள் என்பதை பார் கவுன்சிலிடம் கேட்டு வாங்கி, சம்பளத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். எங்கள் குமாஸ்தா மாதிரி ஆட்கள் பார்க்க நினைப்பது அதைத்தான்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம், பட்டியலை மூடிவிட்டு அந்தக் கல்லூரிக்கு ஒரு நாள் நேரில் போய், கிளாஸ் நடக்கிறதா, லைப்ரரி எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். போயிருக்கிறாள். சாயங்காலம் ஆறு வரை லைப்ரரி திறந்திருந்ததாம், ஃபேன்தான் ஓடவில்லையாம்.

என் பெயரை எடுக்கச் சொல்லி அந்தத் தனியார் கல்லூரிக்கு இரண்டு ஸ்பீட் போஸ்ட் அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது, பதில் வரவில்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது போன் செய்து கேட்டாலும் சரி. ஏழு மணிக்கு மேல் சேம்பரில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
விவரத் தாளில் மட்டும் நிரந்தரப் பணியில் உள்ள ஒரு வக்கீல்