அப்பாருவின் பட்டாளக் காகிதம்

ஐயா,

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, 1942-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். தகரப்பெட்டியில் மிஞ்சியது அவருடைய டிஸ்சார்ஜ் சான்று ஒன்றுதான். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பூச்சி அரித்துவிட்டது. அந்த இரண்டு இலக்கங்களுக்காக மூன்று வருடமாக அலைகிறேன். எழுதிக் கேட்ட இடத்தில், முழு எண் இல்லாமல் தேட முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

நான் தேடுவது, ஆளெடுத்த நாளில் எழுதிய பதிவை. அதில் தகப்பன் பெயர், ஊர், உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். அப்பாருவுக்குப் போட்டோவே கிடையாது. அவர் எத்தனை உயரம் என்று சொல்ல அந்தத் தாளை விட்டால் வேறு நாதியில்லை.

என்னைப்போல் தேடுகிறவர்களுக்கு ஒன்று. இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் ஆவண அலுவலகம் படைப்பிரிவுக்குப் பிரிவு வேறு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. ஊரையும் பழைய ஜில்லாப்படி எழுதுங்கள். இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் தாராபுரம் அன்றைக்குக் கோவை ஜில்லா. போரில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம்; உயிரோடு திரும்பியவர்கள் அதில் வரமாட்டார்கள்.

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வருடம் ஒருநாளாவது முகாம் போட்டு, வீடுகளில் கிடக்கும் இந்தக் காகிதங்களை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் செய்தால் நல்லது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தாராபுரம்.