641 ஆல் வகுபடும் எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் அண்மையில் வெளியான குறிப்பொன்றில், 4,294,967,297 ஒரு முதன்மை எண் (1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) அன்று, அது 641 ஆல் வகுபடும் என்று ஒரே வரியில் கூறப்பட்டிருந்தது. தகவல் சரியானதே. ஆயினும், அது ஏன் வகுபடுகின்றது என்பது சாதாரண தர மாணவருக்கே விளங்கக்கூடியதாக இருக்கையில், அதைச் சொல்லாமல் விட்டது பெருங்குறையாக எனக்குப் படுகின்றது.

2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு 1 ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்கள். இதனைக் கண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் பேர்மா, இவ்வரிசை முழுவதும் அவ்வாறே அமையும் என்று 1640 இல் நம்பினார். அடுத்து வரும் 2³² + 1, அதாவது மேற்சொன்ன எண், அந்நம்பிக்கையைப் பொய்யாக்குகின்றது என்று 1732 இல் கணித அறிஞர் ஒயிலர் காட்டினார். இவ்வரிசையில் ஆறாவது முதன்மை எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

641 ஐ 5 × 2⁷ + 1 என்றும் எழுதலாம். 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். முதலாவதன்படி 5 × 2⁷ ஆனது 641 இலும் ஒன்று குறைந்தது; அதாவது 641 ஆல் வகுக்கையில் அதன் மீதியை −1 எனக் கொள்ளலாம். −1 இன் நான்காம் வலு +1 ஆதலால், 5⁴ × 2²⁸ ஆனது 641 இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடியது. இனி 5⁴ இற்குப் பதிலாக 641 − 2⁴ ஐ இட்டால், அதே பெருக்கம் 641 × 2²⁸ − 2³² ஆகின்றது. ஆகவே −2³² உம் 641 இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாகும். அப்படியாயின் 2³² + 1 மீதியின்றி வகுபட்டேயாக வேண்டும். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்வதே கணிதம் என்றாகிவிட்ட எமது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு, நான்கு வரிகளுக்குள் அடங்கும் இந்த நியாயத்தைக் காட்டாமல் விடையை மட்டும் கொடுப்பது தகாது.

காரணியைத் தேடாமலே இவ்வெண் முதன்மையன்று என அறியவும் வழியுண்டு. முதன்மை எண் எதனையும் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் எழுத முடியாது. இதுவோ 65,536² + 1² ஆகவும், 62,264² + 20,449² ஆகவும் அமைகின்றது.

மற்றைய காரணி 6,700,417. மூல எண்ணின் முதன்மைக் காரணி ஒவ்வொன்றும் 128 இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாகவே இருக்கும் என்று 19 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவினார். 6,700,417 இன் வர்க்கமூலம் 2,589 இலும் குறைவு; ஆதலால் அதற்குட்பட்ட, இவ்வடிவிலான முதன்மை எண்களை மட்டும் சோதித்தாலே போதும். 257 ஆல் மூல எண்ணை வகுத்தால் மீதி 2 வருவதால், அதனை விட்டுவிடலாம். எஞ்சுவன 641, 769, 1,153, 1,409 என்னும் நான்கே. இவற்றுள் எதனாலும் 6,700,417 வகுபடாது. ஆகவே அது முதன்மை எண். வரும் இதழில் இந்நான்கு வகுத்தல்களையும் மாணவருக்குப் பயிற்சியாக இட்டு, அவர்கள் எழுதியனுப்பும் செய்கைகளைப் படிமுறைகளுடன் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.