புலத்தின் பெயரை ஒரே ரிலீஸில் மாற்றக் கையெழுத்துப் போடாதீர்கள்

ரிலீஸ் ஒப்புதல் குழுவினருக்கு,

வணக்கம். "பில் டேபிளில் ‘தொகை’ என்ற புலம் ‘நிகரத்தொகை’ ஆகிறது, வேலை ஒரு நிமிடம்" என்று கோரிக்கை வந்தால் யோசிக்காமல் அனுமதித்துவிடுகிறீர்கள். ஒரு நிமிடம் கூட ஆகாது, உண்மைதான். ஆனால் புது நிரல் எல்லா சர்வரிலும் ஒரே நொடியில் ஏறுவதில்லை. ஏறி முடியும்வரை பழைய நிரல் ‘தொகை’யைத்தான் கேட்கும், அப்படியொரு புலம் இல்லை என்ற பிழையோடு பில் நின்றுபோகும். இரவில் ஓடும் அறிக்கைகள், யாரோ எப்போதோ இணைத்த எக்செல் கோப்புகள் எல்லாம் மறுநாள்தான் அலறும்.

இதை மூன்று ரிலீஸாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் புதுப் புலம், காலியாக இருக்க அனுமதியோடு. நிரல் இரண்டிலும் எழுதட்டும், பழையதையே படிக்கட்டும். கடைசி சர்வரும் மாறிய பிறகே பழைய வரிகளில் (டேபிளில் ஏற்கெனவே உள்ள பில் பதிவுகளில்) புதுப் புலத்தை நிரப்பத் தொடங்க வேண்டும். முன்பே தொடங்கினால் நடுவில் பழைய நிரல் எழுதிய வரிகள் விடுபடும். நிரப்புவதும் 5,000 வரிகளாக, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கமிட் (மாற்றத்தை நிரந்தரமாக்கும் கட்டளை). ஒரே அப்டேட்டில் போட்டால், தொட்ட வரிகள் எல்லாம் அது முடியும்வரை பூட்டிக் கிடக்கும். இரு புலமும் ஒத்துப்போகாத வரிகள் பூஜ்யமானதும், இரண்டாவது ரிலீஸில் படிப்பதை மாற்றலாம். நீக்குவது மூன்றாவதில், மாதக் கணக்கு ஒருமுறை முடிந்த பின். பழைய புலம் ‘நாட் நல்’ (காலியாக இருக்க அனுமதி இல்லை) என்றிருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும். இல்லையேல் அதில் எழுதுவதை நிறுத்திய அன்றே இன்சர்ட் (புது வரி சேர்ப்பது) தோற்கும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இன்னொன்று. நீண்ட அறிக்கை ஒன்று ஓடும்போது ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) கொடுத்தால் அது லாக்குக்காக, அதாவது டேபிளைப் பூட்டும் உரிமைக்காக, காத்திருக்கும். அதற்குப் பின் வரும் சாதாரண செலக்ட் (படிக்கும் கட்டளை) கூட அதன் பின்னால் வரிசை கட்டும். லாக் டைம்அவுட் (லாக்குக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) 2 விநாடி வைத்துவிட்டால் ஆல்டர் மட்டும் தோற்கும், பிறகு முயலலாம்.

கோரிக்கைப் படிவத்தில் "பின்வாங்கும் வழி: பேக்கப்" என்ற வரியை ஏற்காதீர்கள். பேக்கப்புக்குப் பின் போட்ட பில்கள் எங்கே போகும்? மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் ஆகிய தரவுத்தளங்கள் இரண்டிலும் ஆல்டர் தானாகவே கமிட் ஆகிவிடும். ஐந்து கட்டளைகளில் மூன்றாவது தோற்றால் முதலிரண்டும் அப்படியே நிற்கும், ரோல்பேக் (கமிட் ஆகாத மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) உதவாது. எனவே ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக மீட்பு ஸ்கிரிப்ட் கேளுங்கள். நிஜ அளவு டேட்டாவில் ஓட்டிப் பார்த்த நேரத்தையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பராமரிப்பாளர்கள்